ஏதென்ஸ் நகரத்தார் கண்ட குடியாட்சி

குடியாட்சியைக் குறிக்க மேனாட்டு மொழிகள் பலவற்றில் வழங்கும் ‘டெமாக்ரஸி’ என்னும் சொல் கிரேக்க மொழியிற் பிறந்தது. அம்மொழியில் ‘டெமோஸ்’ என்பது மக்களையும் குறிக்கும். அம்மக்கள் வாழும் சிற்றூரையும் குறிக்கும். ‘கிராட்டோஸ்’ என்பது ஆளும் வலிமை. ஆகவே ஊராரின் ஆட்சி என்று அதனைப் பெயர்த்தாலும் பிழையில்லை. இவ்வாட்சி முறை, அறிஞர் சிலர் ஓரிடத்தில் அமர்ந்து எழுதிவைத்த திட்டமன்று. கடன்பட்ட உழவனுடைய முறையீடு, ஒரு வட்டாரத்தார்க்கும் மற்றொரு வட்டாரத்தார்க்கும் இடையே இருந்த பகைமை, பொதுப் பணத்தைக் காப்பவரிடம் எழுந்த ஐயம் ஆகியவற்றுக்குப் பரிகாரம் தேடப் போய், நூறாண்டுகளுக்கு மேற்பட்ட காலத்தில் ஒன்றன்பின் ஒன்றாக அமைந்த ஏற்பாடுகளின் தொகுதியே அது. பொதுக்கூட்டம், நிர்வாகக் குழு, கணக்குத் தணிக்கை என்பவற்றோடு பழகிய சங்க அங்கத்தினர்க்கு இவ்வேற்பாடுகள் முற்றும் புதியனவாகத் தோன்றமாட்டா. ஆயினும் அவை எத்துணை இடர்ப்பாட்டினூடே உண்டாயின என்பது அறியத்தக்கது.

முதலில் நாட்டின் இயல்பைக் காண்போம். கிரேக்க நாடு மத்தியதரைக் கடலினுள் நீண்டு கிடக்கும் மலைநாடு. நிலப்பரப்பில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு மலையும் குன்றுமேயாகும். வடக்கேயுள்ள ஒலிம்பஸ் மலை 2,900 மீட்டருக்கு மேற்பட்ட உயரமுடையது. மலைத்தொடர்களுக்கு இடையிடையே சிறு சிறு சமவெளிகள் கிடக்கின்றன. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் செல்லக் கணவாய் ஏறி இறங்க வேண்டும். மரக்கலம் செல்லத்தக்க பேராறு அங்கில்லை. மழை குளிர்காலத்திற் பெய்யும். கோடையில் ஓடைகள் பல வறண்டுவிடும். ஆனால் கடல் எப்பக்கமும் நிலத்தினுள் நுழைந்து துறைமுகங்களை அமைத்துத் தந்துள்ளது. மலைக்கு அப்பாலுள்ள அண்டை ஊரானைக் காண்பதைவிடக் கடலுக்கு அப்பாலுள்ள தீவினனைக் காண்பது பல இடங்களில் எளிதாயிருந்தது.

நைல் நதி பாயும் எகிப்தில், ஒரே ஆற்றங்கரையில் வாழ்ந்த மக்கள் அனைவரையும் ஒரே மன்னன் ஆள முடிந்தது. கிரேக்க நாட்டில் அதற்கு நிலம் இடந்தரவில்லை. சமவெளிக்கு ஒரு நகரம், நகரத்திற்கு ஓர் அரசு என்று பிரிந்து நின்றனர். கிரேக்கர் குடியேறிய பிற கடற்கரைகளையும் சேர்த்து எண்ணினால் இத்தகைய நகர அரசுகள் ஆயிரத்துக்கும் மேற்பட்டிருந்தன. அவற்றுட் பெரும்பாலானவை சிலவாயிரம் மக்களே உடையவை. ஒருவரையொருவர் முகமறிந்த அளவான ஊரில், ஆள்வோன் செய்வது அனைவர் கண்ணிலும் படும்.

இதனால், மலையும் கடலுமே குடியாட்சியைப் படைத்தன என்று முடிவு செய்தலாகாது. அதே நாட்டின் தென்பகுதியிலிருந்த ஸ்பார்ட்டா, இரண்டு அரசர்களும், அறுபது வயது கடந்த 28 மூப்பர்களும், ஆண்டுதோறும் தேர்ந்தெடுக்கப்பட்ட ஐந்து மேற்பார்வையாளரும் ஆண்ட நகரம். அங்கும் மக்கட் சபை ஒன்று உண்டு. மூப்பர் பதவிக்கு நிற்பவருள் எவருக்கு ஆரவாரம் மிகுதியோ அவரே தேர்ந்தெடுக்கப்படுவார். அந்நகரத்தாரின் வயல்களை உழுதவரோ ‘ஹெலட்’ எனப்பட்ட அடிமைக் குடிகள். நில அமைப்பு வாய்ப்பை அளித்தது. அவ்வாய்ப்பைப் பயன்படுத்திய விதம் ஊர்தோறும் வேறுபட்டது.

ஏதென்ஸ் நகரத்தைச் சூழ்ந்த நாடு அட்டிகா எனப்படும். அது சுமார் 2,500 சதுரக் கிலோமீட்டர் பரப்புடையது. மண் மெலிந்தது, கோதுமைக்கு ஏற்றதன்று. வாற்கோதுமை, ஒலிவம், திராட்சை, அத்தி ஆகியவையே முக்கிய விளைவுகள். ஹைமெட்டஸ் மலையின் தேன் பெயர் பெற்றது. பிற்காலத்தில் மக்கட்டொகை பெருகியபோது கருங்கடற் கரையிலிருந்து கப்பல் கப்பலாகக் கோதுமை வந்து இறங்க வேண்டியதாயிற்று.

கி. மு. 7-ஆம் நூற்றாண்டின் இறுதியில் அட்டிகாவின் நல்ல நிலமெல்லாம் உயர்குடியினர் சிலருடைய கையில் இருந்தது. ஆட்சிப் பதவிகளும் அவர்களுடையவையே. ஓராண்டு மழை பொய்த்தால் ஏழை உழவன் விதைத் தானியத்துக்கும் அவர்கள் வாயிலில் நிற்க வேண்டும். ‘ஆறிலொரு பங்கர்’ என்ற பெயருடன், விளைச்சலில் ஒரு பகுதியைச் செலுத்தக் கட்டுப்பட்ட ஒரு வகுப்பினரும் இருந்தனர். கட்டுப்பட்ட நிலத்தில் அதனை அறிவிக்கும் கல் நாட்டப்பட்டது; ஒற்றிக் கல் என்று அதனைச் சொல்லலாம். கடனுக்கு ஈடாக உழவன் தன் உடலையே வைக்கவும் சட்டம் இடந்தந்தது. செலுத்தத் தவறினால் அவனும் அவன் மனைவி மக்களும் அடிமைகளாயினர். கடல் கடந்து விற்கப்பட்டோரும் உண்டு. கலகம் மூளும் நிலைமை வந்தது.

இந்நிலையில் கி. மு. 594-இல், இரு திறத்தாரும் நம்பத்தக்கவர் என்று கருதிய ஸோலோன் என்பவரிடம் முழு அதிகாரம் ஒப்படைக்கப்பட்டது. அவர் உயர்குடியிற் பிறந்தவர்; செல்வத்தால் நடுத்தரத்தினர்; கவிஞர். அவர் செய்த முதற் காரியத்தை ஏதென்ஸ் மக்கள் ‘சுமை உதறல்’ என்று பெயரிட்டு வழங்கினர். உழவரைக் கட்டியிருந்த கடன்கள் நீக்கப்பட்டன. ஒற்றிக் கற்கள் பிடுங்கப்பட்டன. உடலை ஈடாக வைத்துக் கடன் கொடுத்தல் என்றென்றைக்கும் விலக்கப்பட்டது. அயல்நாடுகளில் விற்கப்பட்டோருட் பலரை மீட்டுக் கொணர்ந்ததாக ஸோலோன் தம் கவிதையிலேயே கூறியுள்ளார். ஆனால் நிலத்தை அவர் மறுபங்கீடு செய்யவில்லை. கடன் போயிற்றே என்று செல்வர் சினந்தனர். நிலம் கிடைக்கவில்லையே என்று ஏழைகள் முணுமுணுத்தனர்.

ஆட்சி முறையையும் அவர் மாற்றினார். பிறப்பை விட்டு விளைச்சலை அளவாகக் கொண்டு குடிமக்களை நான்கு வகுப்பாகப் பிரித்தார். சுமார் 52 லிட்டர் கொள்ளும் ‘மெடிம்னஸ்’ என்னும் அளவையில், ஆண்டுக்கு 500 அளவை விளைவுடையோர் முதல் வகுப்பினர். 300 அளவையினர் இரண்டாவது. 200 அளவையினர் மூன்றாவது. அதற்குக் குறைந்தோரும் நிலமற்றோரும் நான்காவது. உயர் பதவிகள் மேல் வகுப்பினர்க்கே உரியனவாயின. நான்காம் வகுப்பினர்க்குக் கிடைத்தவை இரண்டே: மக்கட் சபையில் இருக்கை, நீதிமன்றத்தில் இருக்கை. அக்காலத்தில் இவை அற்பமாகத் தோன்றியிருக்கக் கூடும். ஆனால் உத்தியோகஸ்தர் செய்த தீர்ப்பை மக்கள் மன்றத்தில் மறுபடி கேட்கலாம் என்ற வழி திறந்தபின், நாளடைவில் எல்லா அதிகாரமும் அவ்வழியே இறங்கி வந்தது.

ஸோலோனுக்குப் பின்னும் அமைதி நிலைக்கவில்லை. சமவெளியார், கடற்கரையார், மலைநாட்டார் என மூன்று கட்சிகள் மோதின. மலைநாட்டாரின் தலைவனாகிய பிஸிஸ்ட்ராட்டஸ் படைபலத்தால் ஆட்சியைக் கைப்பற்றிக் கி. மு. 527-இல் இறக்கும் வரை ஆண்டான். அவன் கொடுங்கோலனல்லன். ஏழை உழவர்க்கு முன்பணம் கடனாகக் கொடுத்து உதவினான். அதன் காரணத்தைப் பழைய நூல் மறையாது கூறுகிறது: உழவர் தத்தம் வயலிலேயே இருந்து பிழைக்க வேண்டும், நகரத்திற்கு வந்து பொதுக்காரியங்களைக் கவனிக்க அவர்களுக்கு விருப்பமும் நேரமும் இருத்தலாகாது என்பதே அவன் கருத்து. கடனுதவி பெற்றுக்கொண்டு கூட்டத்திற்கு வாராதிருக்கும் குடியானவனே தனியாட்சிக்கு உகந்தவன் என்பதை அவன் நன்கறிந்திருந்தான்.

மேலே குறித்த பழைய நூல், அரிஸ்டாட்டிலின் பெயரால் வழங்கும் ‘ஏதென்ஸியரின் அரசியலமைப்பு’ என்பது. அது பன்னூற்றாண்டுகள் மறைந்து கிடந்து, எகிப்து நாட்டு மணலிற் கிடைத்த பாப்பிரஸ் சுருள்களிலிருந்து 1891-இல் அச்சாயிற்று. அச்சுருள்களின் ஒரு பக்கத்தில் இருந்தது, கி. பி. முதல் நூற்றாண்டில் ஒரு பண்ணையின் காரியஸ்தன் எழுதிய வரவு செலவுக் கணக்கு. கணக்கு முடிந்த தாளை வீணாக்காமல் அதன் பின்புறத்தில் யாரோ இந்நூலைப் படியெடுத்து வைத்தனர். பண்ணைக் கணக்கின் முதுகில் ஏறி வந்து சேர்ந்தது குடியாட்சியின் வரலாறு!

பிஸிஸ்ட்ராட்டஸின் மகன் கி. மு. 510-இல் துரத்தப்பட்டான். அதற்கு இரண்டு மூன்று ஆண்டுகளுக்குப் பின் கிளைஸ்தெனீஸ் என்பவர் செய்த சீர்திருத்தமே குடியாட்சிக்கு உண்மையான அடிப்படை. வட்டாரக் கட்சிகள் உள்ளவரை எவ்வாட்சியும் நிலைக்காது என்று கண்ட அவர், நாட்டின் கணக்கையே மாற்றிப் போட்டார். அட்டிகாவிலிருந்த 139 சிற்றூர்களையும் நகரப் பகுதிகளையும் தன்னாட்சி அலகுகளாக்கி, அவற்றை முப்பது கூறுகளாகத் தொகுத்தார். பத்து நகரத்தைச் சார்ந்தவை, பத்து கடற்கரையைச் சார்ந்தவை, பத்து உள்நாட்டைச் சார்ந்தவை. ஒவ்வொரு வகையிலும் ஒன்றெடுத்து மூன்றையும் சேர்த்து ஒரு குலமாக்கினார். இவ்வாறு பத்துக் குலங்கள். நெய்தற்கு முன் பல சிட்டத்து நூலைக் கலந்து பாவு ஓட்டுவதுபோல, மீனவனும் மலையாடு மேய்ப்பவனும் நகரத்துக் குயவனும் ஒரே குலத்தில் அமைந்தனர். போருக்கும் ஒன்றாகவே சென்றனர். தந்தையின் குடிப்பெயரைச் சொல்லிப் பெருமை கொள்வதற்கு மாறாக ஊர்ப்பெயரைச் சேர்த்து ஒருவனைக் குறிக்கும் வழக்கமும் இதனால் உண்டாயிற்று.

ஒவ்வொரு குலத்திலிருந்தும் 50 பேராக 500 பேர் கொண்ட ஆலோசனைச் சபை அமைக்கப்பட்டது. ஊரின் மக்கட்டொகைக்கேற்ப இடங்கள் பகுக்கப்பட்டன. கரி சுடுவோர் மிகுந்த அக்கார்னே என்னும் பெரிய ஊருக்கு 22 இடங்கள், மிகச் சிறிய ஊருக்கு ஒன்று. உறுப்பினர் திருவுளச் சீட்டின் மூலம் எடுக்கப்பட்டனர். வாழ்நாளில் இருமுறைக்கு மேல் எவரும் அச்சபையில் அமர இயலாது. பத்துக் குலத்தின் ஐம்பதின்மரும் முறைவைத்து ஆண்டில் பத்திலொரு பங்குக் காலம் அன்றாட நிர்வாகத்தை நடத்தினர். அந்த ஐம்பதின்மருக்குள்ளும் நாள்தோறும் சீட்டெடுத்து ஒரு தலைவர் அமர்த்தப்பட்டார். பொதுப் பணமும் பத்திரங்களும் வைத்திருந்த கோயில்களின் சாவியும் அரசாங்க முத்திரையும் அவர் கையில் இருக்கும். ஒரு பகலும் ஓரிரவும் மட்டுமே இருக்கும். மறுநாள் சாவி வேறொருவருக்கு. ஒருமுறை தலைவரானவர் தம் வாழ்நாளில் மறுமுறை ஆக முடியாது. கைப்பெட்டிச் சாவியைப் பல்லாண்டுகள் ஒருவரே இடுப்பில் செருகிக்கொண்டிருக்கும் ஸ்தாபனங்களை நினைத்தால், இவ்வேற்பாட்டின் கூர்மை விளங்கும்.

எல்லாப் பதவிக்கும் சீட்டு எடுத்தார்களோ என்று வினவலாம். இல்லை. நேர்மையும் நடுத்தர அறிவும் உடைய எவரும் செய்யத்தக்க வேலைக்குச் சீட்டு. தனித்திறமை வேண்டிய வேலைக்குத் தேர்தல். ஆண்டுதோறும் பத்துப் படைத்தலைவர்கள் கைதூக்கித் தேர்ந்தெடுக்கப்பட்டனர். அவர்கள் எத்தனை முறையும் வரலாம். பெரிக்ளீஸ் பதினைந்து ஆண்டுகள் இடைவிடாது தேர்ந்தெடுக்கப்பட்டார். ஆயினும் அவரும் கணக்குக் காட்டும் கடமையினின்று தப்பியவரல்லர், கி. மு. 430-இல் மக்கள் அவரைப் பதவியினின்று நீக்கி அபராதமும் விதித்தனர். அடுத்த ஆண்டே மீண்டும் தேர்ந்தெடுத்தனர்.

கணக்குத் தணிக்கையைப் பற்றிச் சிறிது விரிவாகக் கூற வேண்டும். பதவி ஏற்குமுன் ஒவ்வொருவனும் விசாரிக்கப்பட்டான்: நின் தந்தை யார், எவ்வூர், பெற்றோரை நன்கு பேணுகின்றனையா, வரி செலுத்தினையா என்பன கேள்விகள். பதவியில் இருக்கும்போது, குலமுறை மாறுந்தோறும் மக்கட் சபை கூடி, உத்தியோகஸ்தர் செம்மையாக நடக்கின்றனரா என்று வாக்கெடுத்தது. பதவி முடிந்தபின், சீட்டின் மூலம் எடுக்கப்பட்ட பத்துக் கணக்காய்வாளர் முன் வரவு செலவை ஒப்புவிக்க வேண்டும். குற்றஞ்சாட்ட விரும்புவோர் உளரா என்று கட்டியக்காரன் உரக்கக் கேட்பான். ஒப்புவிப்பு முடியும்வரை நாட்டை விட்டுப் போகவும், தன் சொத்தைப் பிறர்க்கு எழுதிவைக்கவும், கோயிலுக்குக் காணிக்கையாக்கவும் அவனுக்கு உரிமையில்லை. பொதுப் பணம் ஒரு காசும் கையாளாத பூசாரியும் கணக்குக் கொடுத்தே தீர வேண்டும். ‘யான் ஒன்றும் பெறவில்லை, ஒன்றும் செலவிடவில்லை’ என்றாவது எழுதிக் கொடுத்தல் வேண்டும்.

மக்கட் சபை பினிக்ஸ் என்னும் குன்றின் சரிவில் திறந்த வெளியிற் கூடியது. கி. மு. 4-ஆம் நூற்றாண்டில் ஆண்டுக்கு நாற்பது கூட்டங்கள். முக்கியமான சில காரியங்களுக்கு 6,000 பேர் வருகை தேவையாயிருந்தது. பேச விரும்புவோர் யார் என்று கட்டியக்காரன் அழைத்ததும், செருப்புத் தைப்பவனும் எழுந்து பேசலாம். ஆனால் அழைத்தவுடன் அனைவரும் ஓடி வந்தனர் என்று எண்ணவேண்டா. கடைத்தெருவில் வம்பளந்து நின்றோரைச் செஞ்சாயம் தோய்த்த கயிற்றால் வளைத்துக் குன்றை நோக்கித் தள்ளிச் சென்றதைக் கி. மு. 425-இல் அரங்கேறிய ஓர் இன்ப நாடகம் எள்ளி நகையாடுகிறது. கி. மு. 403-க்குப் பிறகு வருகைக்குக் கூலி தரவும் தொடங்கினர். முதலில் ஓர் ஒபோல், பிறகு இரண்டு, பிறகு மூன்று. ஒருநாள் உழைப்பை விட்டு வந்தால்தான் அடுப்பு எரியாது என்னும் ஏழைக்கு அது தேவையாகவே இருந்தது.

அச்சபை செய்த முடிவுகளுள் நம் சங்கத்தார் மனத்திற் பதியத்தக்கது ஒன்று. கி. மு. 483-இல் அட்டிகாவின் தென்கோடியிலுள்ள லாரியம் சுரங்கத்தில் வெள்ளி மிகுதியாகக் கிடைத்தது. அதனைக் குடிமகனுக்குப் பத்து டிராக்மா வீதம் பங்கிட்டுக் கொள்வதென்று பேச்சு எழுந்தது. கைக்கு வரும் பணத்தை வேண்டாமென்பார் யார்? தெமிஸ்டாக்ளீஸ் எழுந்து, பங்கீட்டை விடுத்து அப்பணத்தால் போர்க்கப்பல் கட்ட வேண்டுமென்றார். 200 கப்பல் என்று ஹெரோடோட்டஸ் எழுதியுள்ளார். லாபத்தைப் பங்கிடுவதா, சேமநிதியிற் சேர்ப்பதா என்னும் வழக்கு அது. மக்கள் பங்கை விட்டுக்கொடுத்தனர். மூன்றாண்டில் பாரசீகப் பேரரசனின் படை வந்து ஏதென்ஸ் நகரைக் கொளுத்தியது. ஸலாமிஸ் நீரிணையில் அக்கப்பல்களே வென்று நாட்டை மீட்டன.

அவ்வெற்றியால் விளைந்த மற்றொன்றும் உண்டு. மூன்று வரிசைத் துடுப்புடைய ஒரு போர்க்கப்பலை 170 பேர் வலிக்க வேண்டும். கவசம் வாங்க வகையற்ற நான்காம் வகுப்பினரே பெரும்பாலும் அத்துடுப்பைப் பிடித்தனர். நகரத்தின் உயிர் அவர்கள் தோளில் இருக்கிறதென்று தெரிந்தபின், அவர்களைச் சபையின் கடைக்கோடியில் நிறுத்திவைக்க எவராலும் இயலவில்லை.

ஒருவன் அளவுக்கு மீறி வளர்வதாக ஐயம் எழுந்தால் பானையோட்டில் அவன் பெயரைக் கீறிப் பத்தாண்டு நாடு கடத்தும் முறையும் இருந்தது. தெமிஸ்டாக்ளீஸும் முடிவில் அதற்கு இலக்கானார். அக்ரோபாலிஸ் குன்றின் வடசரிவிலுள்ள கிணறொன்றில் அவர் பெயர் கீறிய ஓடுகள் 190 அளவில் கண்டெடுக்கப்பட்டன. கையெழுத்தை ஆராய்ந்தபோது, அத்தனையும் பதினான்கு பேரே எழுதியவை என்று தெரிந்தது. எதிர்க்கட்சியார் முன்கூட்டி எழுதி வாக்காளர் கையிற் கொடுக்க வைத்திருந்தவை போலும்! தேர்தல் தந்திரமும் குடியாட்சியோடு உடன்பிறந்ததே.

இனி இவ்வாட்சியின் பெருங்குறை. குடிமக்கள் என்று இதுவரை கூறியதெல்லாம் வயதுவந்த ஆடவரையே. கி. மு. 4-ஆம் நூற்றாண்டில் அவர்கள் தொகை சுமார் 30,000. அடிமைகளுக்கும், தலைமுறை தலைமுறையாக அங்கேயே தொழில் செய்து வரி செலுத்திய வந்தேறிகளுக்கும் சபையில் இடமில்லை. லாரியத்தின் வெள்ளியைத் தோண்டியவர் அடிமைகளே. பெண்டிர்க்கும் இடமில்லை. ஏதென்ஸ் நகரத்தார் உடுத்த ஆடையின் நெசவு பெரும்பாலும் வீட்டுப் பெண்டிரின் வேலை. அவர்களுடைய தறி நிமிர்ந்து நிற்பது. பாவு மேலிருந்து தொங்கும். நுனியிற் கட்டிய களிமண் குண்டுகள் நூலை இறுக்கிப் பிடிக்கும். நெய்பவள் நின்றுகொண்டு ஊடையை மேல்நோக்கித் தட்டுவாள். நகரத்துத் தெய்வமாகிய அத்தீனாவுக்குத் திருவிழாவில் சாத்தும் ஆடையும் பெண்கள் கையால் நெய்ததே. அந்த ஆடை ஊர்வலமாக வரும். நெய்த கை வாக்களிக்க வாராது.

இக்குடியாட்சி கி. மு. 411-இலும் 404-இலும் செல்வர் சிலரால் கவிழ்க்கப்பட்டு இருமுறையும் மீண்டெழுந்தது. கி. மு. 322-இல் மாசிடோனியர் வென்று, 2,000 டிராக்மா சொத்துடையோர்க்கே உரிமை என்று வரையறுத்தனர். அதன் நன்மையும் தீமையும் ஒருங்கே விளங்கும் நிகழ்ச்சி ஒன்று கி. மு. 427-இல் நடந்தது. தூஸிடிடீஸ் என்னும் வரலாற்றாசிரியர் அதனை எழுதிவைத்துள்ளார்.

ஸ்பார்ட்டாவோடு போர் நடந்துகொண்டிருந்த காலம். ஏதென்ஸ் கூட்டணியில் இருந்த லெஸ்பாஸ் தீவின் மிட்டிலீனி நகரம் கலகம் செய்து தோற்றது. சபை கூடிற்று. சினம் தணியாத மக்கள், அந்நகரத்து ஆடவர் அனைவரையும் கொல்வது, பெண்டிரையும் குழந்தைகளையும் அடிமைகளாக்குவது என்று தீர்மானித்து அன்றே ஒரு கப்பலை அனுப்பினர். இரவு கழிந்தது. ஒரு நகரம் முழுவதையும் அழிப்பதா என்று பலர் நெஞ்சம் உறுத்திற்று. மறுநாள் சபை மீண்டும் கூடியது. கிளியோன் என்பவர் முதல் தீர்மானமே நிற்க வேண்டுமென்றார். நாளுக்கொரு முடிவு செய்யும் சபையால் பிறரை ஆள இயலாதென்றார். டயோடோட்டஸ் மறுத்துப் பேசினார். இரக்கத்தை அவர் வேண்டவில்லை. சரணடைந்தாலும் சாவுதான் என்று தெரிந்தால் இனிக் கலகம் செய்யும் எவ்வூரும் இறுதிவரை போராடும், அதனால் நமக்கே நட்டம் என்று கணக்குக் காட்டினார். கைகள் ஏறக்குறைய ஒப்பவே உயர்ந்தன. டயோடோட்டஸ் பக்கம் சற்றே மிகுந்தது.

முதற் கப்பல் போய் ஒரு பகலும் ஓரிரவும் ஆகியிருந்தது. இரண்டாம் கப்பல் விரைந்தது. மிட்டிலீனித் தூதர் அதில் மதுவும் வாற்கோதுமை மாவும் ஏற்றி, முந்திச் சேர்ந்தால் பெரும் பரிசு தருவதாக வாக்களித்தனர். துடுப்பு வலிப்போர் வலித்துக்கொண்டே மதுவிலும் எண்ணெயிலும் பிசைந்த மாவை உண்டனர், முறைவைத்து உறங்கினர். எதிர்காற்று இல்லை. முதற் கப்பலிற் சென்றவரோ, கொடிய செய்தியைச் சுமந்து செல்வதால் அவசரப்படாது சென்றனர். அது முதலில் சேர்ந்தது. படைத்தலைவன் ஆணையைப் படித்து நிறைவேற்ற ஆயத்தம் செய்கையில் இரண்டாம் கப்பல் துறையை அடைந்தது. நகரம் பிழைத்தது.

கலகத் தலைவர் என்று பிடிபட்ட ஆயிரத்துக்கு மேற்பட்டோர் பின்னர் கொல்லப்பட்டனர். மெத்திம்னா ஒழிந்த லெஸ்பாஸ் தீவின் நிலம் 3,000 பங்காக்கப்பட்டது. 300 தெய்வங்களுக்கு விடப்பட்டன. எஞ்சியவை ஏதென்ஸ் குடிமக்களுக்குச் சீட்டின் மூலம் கிடைத்தன. நிலத்தை உழுதவர் அத்தீவின் பழைய குடிகளே. பங்கு ஒன்றுக்கு ஆண்டுக்கு இரண்டு மினா, அதாவது 200 டிராக்மா, குத்தகை செலுத்த அவர்கள் ஒப்புக்கொண்டனர். ஸோலோன் ஒற்றிக் கற்களைப் பிடுங்கி 167 ஆண்டுகள் ஆகியிருந்தன.